சர்வேயர் விட்டுப்போன செடி

ஒரு நாள் காலையில் சலூனைத் திறந்து நிலைக்கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். வாசலில் ஒரு செடி வந்து நின்றது. சின்னச் செடி இல்லை, ஓர் ஆளின் மார்பளவு உயரம். இலை ஒவ்வொன்றும் கையகலத்துக்கு மேல். கீழே ஒரு நீலப் பீங்கான் தொட்டி, தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு கைகள், அதற்கும் கீழே செருப்புப் போட்ட இரண்டு கால்கள். முகம் மட்டும் தெரியவில்லை.

"மாஸ்டர், கதவைக் கொஞ்சம் பிடிங்க. கை கழண்டு விழுந்துடும் போலிருக்கு" என்றது செடி.

குரலை வைத்துத்தான் அது சர்வேயர் என்று தெரிந்தது. மாதம் தவறாமல் வந்து முடிவெட்டிக்கொள்கிறவர். அதிகம் பேசமாட்டார். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

மாஸ்டர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார். செடி உள்ளே வந்து, வாசல் கண்ணாடியை ஒட்டி இறங்கியது.

"மாத்தலாகிப் போறேன். சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. இதை மட்டும் டிரைவர் ஏத்தமாட்டேங்கிறான். காத்துல இலை மொத்தமும் கிழிஞ்சு போயிடுமாம்."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணணும்?"

"மூணே மூணு மாசம் வச்சுக்குங்க. அங்க வீடு அமைஞ்சதும் நானே வந்து எடுத்துட்டுப் போயிடறேன்."

"எனக்கு முடியைப் பத்தித்தான் சார் தெரியும். செடியைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"உங்க கடை கிழக்குப் பார்த்த கடை. காலை வெயில் கண்ணாடி வழியா வருது. உச்சி வெயிலை மேல இருக்கிற தளம் மறைச்சிடுது. இந்தத் தெருவுல நான் அளக்காத கட்டடம் இல்ல. இதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது." சர்வேயர் ஒரு மூச்சு விட்டார். "எங்க வீட்டம்மாவுக்கு இது உசிரு. சோபா வாங்க வச்சிருந்ததை எடுத்து இதை வாங்கினவ. தண்ணி மட்டும் அளவா ஊத்துங்க."

அளவு என்றால் எவ்வளவு என்பதைச் சொல்லாமலே அவர் போய்விட்டார். ஊரையே அளந்தவர் அதை மட்டும் அளந்து சொல்லவில்லை.

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாஸ்டர் வெட்டுவார், மற்றொன்றில் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. மாஸ்டர் வாய் திறப்பது கொட்டாவி விடவும் டீ குடிக்கவும்தான். அந்தக் குறையை மச்சினன் வட்டியோடு தீர்த்துவைப்பான். செடியின் பெயர் பிடில் லீஃப் என்று சர்வேயர் போகிறபோது சொல்லியிருந்தார். இலை பிடில் வாத்தியத்தைப்போல இடுப்பு சிறுத்து இருந்ததால் அந்தப் பெயராம். மச்சினன் அன்றைக்கே அதற்கு 'வித்வான்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"வித்வான் நல்லாத்தான் நிக்கிறாரு மாமா. கச்சேரி எப்போ?"

"வேலையைப் பாரு மாப்ளே."

மாஸ்டர் தண்ணீர் ஊற்றினார். பிறத்தியார் பொருள், வாடவிடக்கூடாது என்று காலையில் ஒரு குவளை, மாலையில் கடை சாத்தும்போது ஒரு குவளை. தலைமுடி நனைக்கிற ஸ்ப்ரேயரில் மிச்சமிருந்தால் அதையும் அதன் தலையில் அடித்தார். பேப்பர்காரர் என்று ஒரு பெரியவர் உண்டு. பேப்பர் விற்பவரல்ல, முடிவெட்டாமல் பேப்பர் படிப்பதற்காகவே தினமும் சலூனுக்கு வருகிறவர். அவர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

"வெட்டின முடி நல்ல உரம்ப்பா. சும்மா கூட்டித் தள்றதுக்குத் தொட்டியில போடு."

மச்சினன் இரண்டு நாள் முடியைக் கூட்டி அள்ளித் தொட்டியில் போட்டு அமுக்கினான். அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. இலை ஓரங்களில் கருகினாற்போலப் பழுப்புத் திட்டுகள் வந்தன. அடி இலை ஒன்று மஞ்சளாகி விழுந்தது. தொட்டியிலிருந்து ஈரச் சாக்கு வாடை. கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் கிளம்பி, சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆட்களின் மூக்கில் ஏறின. கழுத்தில் கத்தி இருக்கும்போது ஒருத்தர் தும்மினால் என்ன ஆவது?

ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. விடிகாலையிலிருந்து மதியம்வரை படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மடிப்பவள். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போய் விரலை மண்ணுக்குள் விட்டாள்.

"ஏங்க, இதுக்கு எப்பெப்போ தண்ணி ஊத்தறீங்க?"

"காலையில, சாயங்காலம்."

"துண்டு காயறதுக்குள்ள மறுபடி நனைச்சு, மறுபடி நனைச்சுப் போட்டா என்ன ஆகும்?"

"நாறும்."

"அதேதான். அடியெல்லாம் ஊறிப்போயிருக்கு. இதுல யாரு முடியைப் போட்டது?"

மச்சினன் கண்ணாடியைப் பார்த்துத் தன் மீசையைச் சீவ ஆரம்பித்தான்.

அக்காவும் தம்பியுமாகச் செடியைப் பின்வாசலுக்குத் தூக்கிப்போய், முடியோடு சேர்ந்த மேல்மண்ணை வழித்தெடுத்தார்கள். அடியில் அடைபட்டிருந்த ஓட்டையைக் குச்சியால் குத்தித் திறந்ததும் குடம் உடைந்தாற்போலத் தண்ணீர் கொட்டியது. அதன்பிறகு மாஸ்டர் ஊற்றும் முன் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் மண் ஒட்டினால் குவளையைத் தொடமாட்டார், உதிர்ந்தால் அடி ஓட்டையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றுவார். பூச்சிகள் மெல்ல மெல்லக் காணாமல் போயின.

இலைகள் மங்கலாக இருப்பது ஏன் என்பதும் இதையொட்டித்தான் தெரிந்தது. ஓர் இலையை ஈரத்துண்டால் துடைத்தபோது துண்டு வெள்ளையானது. பவுடர். முடிவெட்டி முடித்ததும் பிடரியில் அடிக்கிற பவுடர் மொத்தமும் போய் அந்த இலைகளில்தான் படிந்திருந்தது. மாஸ்டர் ஒவ்வோர் இலைக்கும் கீழே ஒரு கையைக் கொடுத்து, மறுகையால் துடைத்தார். மோவாயைப் பிடித்து முகம் மழிக்கிற அதே பிடிதான். துடைத்து முடித்தபோது காலை வெயில் இலையில் பட்டு, எதிர்க் கண்ணாடியில் பச்சையாக மின்னியது. கடையில் இரண்டு செடி இருப்பதுபோலத் தோன்றியது. மாஸ்டர் கொஞ்ச நேரம் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மழைக்காலம் முடிந்ததும் உச்சியில் பழுப்பு உறைக்குள் ஏதோ கூர்மையாக நீண்டது. ஒருநாள் நடுவெட்டில் மாஸ்டர் தற்செயலாகத் திரும்பிப் பார்க்க, உறை பிளந்து, மெழுகு பூசினாற்போல ஓர் இளம் இலை மடிப்பு விரியாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்திரி நின்றது.

"என்ன மாஸ்டர், ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"இதோ வந்துட்டேன் சார். அங்க பாருங்களேன்."

பாதித் தலையோடு அவரும் எழுந்துபோய்ப் பார்த்தார். பேப்பர்காரர் பேப்பரை மடித்துவிட்டு வந்தார். எல்லாருக்கும் கடைசியாக மச்சினன் வந்து, "வித்வானுக்கு வாரிசு வந்தாச்சு" என்றான்.

ஒன்று வந்தால் நிற்குமா? அந்த வருடம் ஊரே வீட்டுக்குள் செடி வைக்கிற பித்தில் இருந்தது. முடிவெட்ட வருகிறவர்கள் போனில் படத்தைக் காட்டி, "இது மான்ஸ்டெரா, இது ஸீஸீ" என்று பாடம் நடத்தினார்கள். மாஸ்டருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. விடுமுறை நாளில் தனியாக நர்சரிக்குப் போனார். நர்சரிக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த இடத்துல வைக்கப் போறீங்க?"

"சலூன்ல."

"சலூன்ல எங்க? ஜன்னல் எவ்வளவு தூரம்?"

மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறுப்புக் கம்பிபோல மெல்லிய காம்பும், நாணயம்போலக் குட்டிக் குட்டி இலையுமாக ஒரு பெரணிச் செடி அவர் கண்ணைப் பிடித்துவிட்டது. அந்த அம்மா எவ்வளவோ சொன்னாள். "காத்து வறண்டிருந்தா அது தாங்காதுங்க. தொட்டாச் சிணுங்குற ஜாதி." மாஸ்டர் கேட்கவில்லை. வாங்கிவந்து, அழகாக இருக்கும் என்று இரண்டு நாற்காலிக்கும் நடுவிலிருந்த பலகையில் வைத்தார். ஹேர் டிரையரின் அனல் ஒவ்வொரு தடவையும் நேராக அதன் முகத்தில் அடித்தது. வாரம் முடிவதற்குள் வறுத்த கறிவேப்பிலையாகிவிட்டது.

அடுத்த முறை அவர் கண்ணை நம்பவில்லை. கடையின் உள்கோடியில், தலை அலசுகிற தொட்டிப் பக்கம் வெளிச்சம் எவ்வளவு வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துவிட்டுப் போய் நர்சரிக்காரியிடம் சொன்னார். அவள் நிமிர்ந்து நிற்கிற வாள் மாதிரி இலையுள்ள ஸ்நேக் பிளாண்டைக் கொடுத்தாள். "மறந்தாலும் சாகாது. ரொம்ப நினைச்சாத்தான் சாகும்" என்றாள். மணி பிளாண்ட் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் ஏற்றிவிட்டார். எல்லாம் தேறின. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் மாஸ்டர் முதலில் பார்ப்பது வாசலில் நிற்கிற வித்வானைத்தான்.

சர்வேயர் சொன்ன மூன்று மாதம் கழிந்து, இன்னும் சில மாதமும் கழிந்தபோது ஒருநாள் போன் வந்தது.

"மாஸ்டர், செடி எப்படி இருக்கு?"

அந்த நிமிடம் வித்வான் மாஸ்டரின் தலைக்கு மேலே ஒரு முழம் வளர்ந்து, ஒரு பழுப்புத் திட்டு இல்லாமல், வெயிலில் தகதகவென்று நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மாஸ்டர் பதில் சொன்னார்.

"ஏதோ இருக்கு சார்."

"பரவாயில்ல மாஸ்டர். நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லி சர்வேயர் வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. மாஸ்டரும் கூப்பிடவில்லை. யாராவது கேட்டால் 'நம்ம செடி' என்று சொல்லப் பழகிவிட்டார்.

இரண்டாம் வருடம் முடிகிற சமயம். கூட்டம் இல்லாத ஒரு பிற்பகல். மச்சினன் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான், இடையிடையே நாலு கெட்ட வார்த்தையும் தாளத்துக்கு விழுந்துகொண்டிருந்தன. கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். அந்தச் சலூனுக்குள் பெண் என்று மாஸ்டரின் மனைவியைத் தவிர யாரும் வந்ததில்லை. மச்சினன் வாயை அப்படியே மூடிக்கொண்டான். பேப்பர்காரர் நாற்காலியில் நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகச் செடியிடம் போனாள். தொட்டியின் விளிம்பில் ஓர் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைத் தொட்டு வளைந்திருந்த உச்சிவரைக்கும் பார்த்தாள்.

"இது எங்க செடி" என்றாள். "பஸ்ல போயிட்டிருந்தேன். கண்ணாடி வழியா நீலத் தொட்டி தெரிஞ்சுது. அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஓடி வரேன்."

"சர்வேயர் சார் வீட்டம்மாவா?" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க. போன மாசம்தான் திரும்பி இங்கேயே மாத்தலாகி வந்தோம். செடிங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட விட்டிருக்கேன்னு சொன்னார். அப்புறம் ஒரு நாள், அது போயிடுச்சு, விடுன்னார். நான் ரெண்டு நாள் அவரோட பேசல."

'ஏதோ இருக்கு சார்' என்று தான் சொன்னது எங்கே போய் முடிந்திருக்கிறது என்று மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது.

"சார் மேல தப்பில்லம்மா. நான்தான் நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லல."

"ஏன்?"

மாஸ்டர் துண்டை எடுத்துப் பக்கத்திலிருந்த இலையைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு தூசு தும்பு இல்லாத இலைகளைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வேன் கொண்டு வரேன்" என்றாள்.

"சரிம்மா. உங்களுது தானே."

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மாஸ்டர் ஏணி போட்டு ஏறி எல்லா இலைகளையும் துடைத்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காதீங்க" என்றாள். கொஞ்சம் கழித்து அவளே, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள்.

வேன் வந்தது. வீட்டம்மாவோடு சர்வேயரும் வந்தார், கையில் டேப்போடு. மாஸ்டரை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சப்பட்டவர்போல வந்த உடனே வேலையில் இறங்கிவிட்டார். தொட்டியின் அடியிலிருந்து உச்சிவரை டேப்பைப் பிடித்தார். தலையைச் சொறிந்தார். மறுபடியும் பிடித்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் அந்த அம்மா.

"நம்ம புது வீட்டுக் கூரை இவ்வளவு உயரம் இல்ல. செடி ஜாஸ்தி."

"நல்லா அளந்து பாருங்க."

"முப்பது வருஷமா அளக்கிறவன்கிட்டயா சொல்ற? லிஃப்டுக்குள்ளயும் போகாது. படியில திருப்பவும் முடியாது."

மச்சினன் தாங்கமாட்டாமல், "வித்வானைப் படுக்கப் போட்டுத்தான் கொண்டு போகணும் சார்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்க் கண்ணாடியில் செடி, செடிக்குப் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாஸ்டர். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சொன்னாள்: "பதியன் போடலாமா?"

"அப்படீன்னா?"

"நட்ட நடுவுல பட்டையைச் சுத்தி எடுத்துட்டு, ஈரமா நார் வச்சுக் கட்டிட்டா, அந்த இடத்துலயே வேர் விடும். வேர் வந்ததும் அதுக்குக் கீழ வெட்டிடலாம். மேல் பாதி எனக்கு. கீழ் பாதி உங்களுக்கு. நர்சரியில கேட்டுட்டு வரேன்."

"தொட்டி உங்களுதும்மா."

"வேரை விட்டுட்டுத் தொட்டியை நான் என்ன பண்ண?"

மாஸ்டர் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் வெட்டுகிற நாள் வந்தபோது மனசு வரவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை தொண்டைக்குழியில் கத்தியை ஓட்டியிருப்பார், ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. இப்போது புது பிளேடை எடுத்துத் தண்டில் வைத்தவர் எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார்.

"நான் பண்ணட்டுமா?" என்றாள் அந்த அம்மா.

"வேணாம்மா. நானே பண்றேன்."

மோதிரம் போட்டாற்போலத் தண்டைச் சுற்றி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு கிழித்து, நடுவிலிருந்த பட்டையை உரித்தெடுத்தார். வெள்ளையாகப் பால் வடிந்து தண்டு வழியே இறங்கியது. பார்த்த மாத்திரத்தில் மாஸ்டரின் இடது கை தானாக நீண்டு, சவரக் காயத்தில் ரத்தம் நிற்கத் தேய்க்கிற படிகாரக் கட்டியை மேசையிலிருந்து எடுத்து, காயத்தில் ஒற்றியது.

"மாமா, அப்படியே கொஞ்சம் பவுடரும் போட்டு விட்டுடுங்க" என்றான் மச்சினன்.

இந்தத் தடவை சர்வேயர் வீட்டம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் பாலைத் துடைத்தாள். பிறகு நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரைக் காயத்தைச் சுற்றி வைத்து, மேலே பாலித்தீன் சுற்றி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினார்கள். கழுத்தில் கட்டுப் போட்ட நோயாளிபோல வித்வான் நின்றது.

அதன்பிறகு வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மா வந்து நார் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். அவள் வருகிற நாளில் மச்சினனின் கதைகள் மிகவும் ஒழுக்கமாக இருந்தன. பேப்பர்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒரு தடவை இலையின் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். தூசி என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார். "தூசி இல்லண்ணே, மாவுப்பூச்சி. விட்டா எல்லாச் செடிக்கும் பரவிடும்" என்று சொல்லி, சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக 'அண்ணே' என்றாள்.

இலைக்கு அடியில் குனிந்து வேலை செய்துகொண்டே அவள் பேசினாள். "இதை வாங்கினப்போ அவருக்கு ஒரே கோபம். உக்கார சோபா இல்லாம செடியைப் பார்த்துட்டு நிக்கச் சொல்றியான்னார். பிள்ளைங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போய் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. சோபா வளராதேன்னு சொன்னேன்."

மாஸ்டர் தலையாட்டினார். "எனக்கும் அது புது இலை விட்டப்போ, என்னமோ நான் ஏதோ பண்ணிட்ட மாதிரி இருந்துது" என்றார். மாஸ்டர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மச்சினன் கேட்டதில்லை. கத்திரியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

பாலித்தீனுக்குள் வெள்ளை வேர்கள் நூல்நூலாக ஓடத் தெரிந்தபோது மேல் பாதியை வெட்டினார்கள். இந்தத் தடவையும் மாஸ்டர்தான். புதுத் தொட்டியில் நட்டு, இலைகளைத் துணியால் தளர்வாகச் சுற்றி, வேனில் ஏற்றினார்கள். இலை ஆடாமலிருக்க சர்வேயர் பின்னால் ஏறித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர், அடுத்த வாரம் முடிவெட்ட வரேன்" என்றார். அவரும் பழையபடி வரத் தொடங்கினார்.

சலூனில் மிஞ்சியது நீலத் தொட்டியும், அதில், வளர வளர அடி இலைகள் உதிர்ந்துபோயிருந்த ஒரு மொட்டைக் குச்சியும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை. "என்ன மாஸ்டர், அதுக்கும் மொட்டை போட்டுட்டீங்களா?" "மிஷின் நம்பர் ஜீரோவா?" மாஸ்டர் பாட்டுக்குக் கத்தியைத் தீட்டுவார். குச்சி குச்சியாகவே நின்றது. இலை இல்லாததால் தண்ணீரும் அதிகம் குடிக்கவில்லை. எத்தனை தடவை விரலை விட்டாலும் மண் ஈரமாகவே இருந்தது. பழக்கதோஷத்தில் ஊற்றிவிடக்கூடாதே என்று குவளையை அலமாரிக்குள் வைத்துவிட்டார். காலையில் கடை திறந்ததும் தண்டை நகத்தால் லேசாகக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

"இது போயிடுச்சு மாமா. அந்த இடத்துல ஒரு ஃபேன் வைக்கலாம்" என்றான் மச்சினன்.

"இருக்கட்டும் மாப்ளே."

இதற்கு நடுவில் சர்வேயர் வீட்டிலிருந்து போன். புது இடத்தில் மேல் பாதி இலை உதிர்க்கிறதாம். மாஸ்டர் அன்றைக்குக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டுப் போனார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளிச்சம் இருந்தது, மண் சரியாக இருந்தது. மூன்று பேருமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சர்வேயர்தான், "அந்த இலை மட்டும் ஏன் ஆடுது?" என்றார். ஏசியின் காற்று நேராக அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. தொட்டியை ஜன்னலின் மறுபக்கம் நகர்த்தினார்கள். அதன்பிறகு உதிர்வது நின்றது.

மொட்டைக் குச்சி துளிர்த்தபோது அதை முதலில் பார்த்தது பேப்பர்காரர். வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பட்டையைப் பிளந்துகொண்டு இரண்டு பச்சைக் கூர்கள் வந்திருந்தன. ஒற்றைத் தண்டாக இருந்தது இனி இரண்டு கிளையாகப் போகும். மாஸ்டர் போன் செய்து, "நல்லா இருக்கு சார், ரொம்ப நல்லா இருக்கு. அம்மாகிட்ட சொல்லுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அந்த வாரம் விடுமுறையில் நர்சரிக்குக் கிளம்பினபோது மனைவியும் கூடவே கிளம்பினாள்.

"நீ எதுக்கு?"

"உங்க கடைக்கே வாங்கிட்டிருந்தா வீட்டுக்கு யார் வாங்கறது? சமையல்கட்டு ஜன்னல்ல எனக்கு ஒண்ணு வேணும்."

இந்த விஷயத்தில் இப்போது தனக்குக் கொஞ்சம் தெரியும் என்று மாஸ்டருக்கு ஒரு நினைப்பு. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு வெளிச்சம் என்று நர்சரிக்காரியிடம் விவரமாகச் சொல்லி, இரண்டு மூன்று செடிகளை எடுத்துவைத்தார். மனைவி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துபோய், ஒரு மூலையில், இலையெல்லாம் கோடு கோடாகப் பச்சையும் ரோஜா நிறமுமாக இருந்த ஒரு சின்னத் தொட்டியின் முன் நின்றாள்.

"இதுதான்."

"அது உனக்குச் சரிப்படாது. காத்துல ஈரம் வேணும் அதுக்கு."

"நம்ம சமையல்கட்டுல பாதி நாள் ஆவிதானே?"

"ஓரமெல்லாம் கருகும்."

"கருகினா பார்த்துக்கலாம்" என்று அவள் தொட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். நர்சரிக்காரி மாஸ்டரைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர ஒற்றை இருக்கை ஒன்றுதான் காலியாக இருந்தது. மனைவி உட்கார்ந்து, செடியை மடியில் வைத்து, வெயில் நேராக அடிக்காமல் முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டாள். மாஸ்டர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து, அவள் காதருகில், "தண்ணி எப்போ ஊத்தணும் தெரியுமில்ல?" என்றார்.

"எனக்கா சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்றாள் அவள், செடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.